காற்று இறங்காத நாட்கள்

1. சாட்சிக்கு வா

டயர் கடைக்காரனை யாரும் சாட்சி சொல்லக் கூப்பிடுவதில்லை. என்னை ஒருவர் கூப்பிட்டார். இனயம் என்ற கடற்கரை ஊரில், ஊர்க் கமிட்டி முன்னால் போய் நின்று, "இந்த வண்டியின் பின் டயரில் ஒரு குறையும் இல்லை, காற்று தானாக இறங்க வழியே இல்லை" என்று நான் சொல்ல வேண்டும். நான் அப்படிச் சொன்னால் அவருடைய கூடப்பிறந்த அண்ணன் ஊர் முன்னால் குற்றவாளி ஆகிவிடுவார்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் கோட்டாற்றில் லாரி டயர் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்ட தொழில் இது. பிறகு வளைகுடாவில் ஒரு கம்பெனியின் டயர் பிரிவில் சில வருஷம் வேலை பார்த்தேன். திரும்பி வந்து கருங்கல் என்ற ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகும் ரோட்டில் கடை போட்டேன். இப்போது இடுப்பு ஒத்துழைக்காததால் பெரிய டயர் எதுவும் எடுப்பதில்லை. டூவீலர் மட்டும்தான். அதிலும் முக்கால்வாசி டியூப்லெஸ்.

டியூப்லெஸ்ஸில் ஆணி குத்தினால் பிரச்சினை இல்லை. ஓட்டை கண்ணுக்குத் தெரியும், ரப்பர் ஸ்ட்ரிப்பை ஏற்றி அடைத்து அனுப்பிவிடலாம். ஆணியும் இல்லாமல், வெடிப்பும் இல்லாமல், பைய பையக் காற்று இறங்கும் வண்டிதான் நம் உயிரை வாங்கும். புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு உதவும் என்பதால் இந்த ஒரு வண்டியின் கதையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

2. தொட்டியில் குமிழி இல்லை

வண்டிக்காரர் பெயர் லிட்வின். நாற்பது வயது இருக்கும். வெளிநாட்டில் மீன்பிடி போட்டில் வேலை செய்தவர். அம்மைக்கு (எங்கள் பக்கம் அம்மாவை அப்படித்தான் சொல்வோம்) இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்ததும் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார். வாரத்தில் மூன்று நாள் அம்மையை மார்த்தாண்டத்துக்கு டயாலிசிஸுக்குக் கொண்டு போக வேண்டும். அம்மையின் பெயர் பிரகாசியம்மாள். ஆட்டோவில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும். முகத்தில் காற்றடிக்க மகனின் முதுகைப் பிடித்துக்கொண்டு பைக்கில் போவதுதான் அவருக்குப் பிடித்தது. அதனால் இந்த வண்டி நிற்கக் கூடாத வண்டி.

முதல் தடவை வந்தபோது லிட்வின் சொன்னார்: "அண்ணே, பின் வீல்ல காத்து நிக்க மாட்டேங்கு. சாயங்காலம் ஃபுல்லா இருக்கும். காலையில பாத்தா சப்பிக் கிடக்கு."

வீலைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். முழுச் சுற்றும் பார்த்தாயிற்று. ஒரு குமிழி வரவில்லை. வால்வு பின் பழசாக இருந்ததால் மாற்றிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். இந்த முறை டயரை ரிம்மிலிருந்து பிரித்தே பார்த்தேன். கடற்கரை வண்டிகளில் உப்புக் காற்று பட்டு ரிம்மின் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். டயர் ரிம்மோடு ஒட்டி உட்காரும் அந்த இடத்தை பீடு என்போம். அதைச் சுரண்டி, தேய்த்து, சீலர் பூசி மாட்டினேன். மறுபடியும் தொட்டியில் முக்கினேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"எனக்குக் கிடைக்கல்ல. ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றேன்.

"உங்களுக்கே கிடைக்கல்லண்ணா ஓட்டை இல்லண்ணுதானே அர்த்தம்?"

"அப்படி இல்ல. கிடைக்கல்லண்ணா கிடைக்கல்ல. அவ்வளவுதான்."

அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. வேறு ஏதோ யோசனையில் இருந்தார்.

"சில நாளு கல்லு போல நிக்குண்ணே. ஒரு வாரம், பத்து நாளுகூட ஒண்ணுமே ஆவாது. பிறகு பாத்தா தினமும் சப்பிக் கிடக்கும், திருவிழா முடிஞ்ச வாரம் பூரா அப்படித்தான். ஓட்டைன்னா தினமும் போணும்லா? நாளு பாத்துப் போவுமா?"

கேள்வி சரியான கேள்வி. வால்வை இன்னொரு தடவை முறுக்கி, காற்றை நிரப்பிக் கொடுத்தேன்.

மூன்றாவது முறை வந்தபோது அவருடைய முகமே மாறியிருந்தது. அன்று காலையில் டயர் சப்பிக் கிடந்து, காற்றடிக்க ஆள் தேடி, ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போயிருக்கிறார்கள். மெஷினை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் வரை காத்திருந்ததில் அம்மைக்கு மூச்சு முட்டி, ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. அன்றும் வீலைத் தொட்டியில் முக்கிப் பார்த்தேன், குமிழி இல்லை.

"இது டயரு இல்லண்ணே" என்றார் லிட்வின். "ஆளாக்கும். ஆரோ திறந்து விடுகானுவ."

ஆர் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். அண்ணன் ததேயுஸ். லிட்வின் புது வீடு கட்டியபோது வெளியே போட்ட மாடிப்படி, பின்னால் இருக்கும் ததேயுஸ் வீட்டுக்குப் போகும் நடைபாதையை நெருக்கிவிட்டது. அதில் தொடங்கிய வாய்த்தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. லிட்வினின் பைக் நிற்பது அந்தப் படிக்குக் கீழேதான். ததேயுஸ் எங்கே போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

3. வீடியோ

அடுத்து அவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வண்டியை நிறுத்தியதும் போனை நீட்டினார். படிக்கு மேலே சின்னதாக ஒரு கேமரா வைத்திருக்கிறார். அதில் பதிந்தது. நேரம் வெளுக்கும் முன்னால் எடுத்த படம், மங்கலாகத்தான் இருந்தது. வேட்டி கட்டிய ஒரு ஆள் வந்து பைக்கின் பின் வீல் பக்கத்தில் குத்தவைத்து உட்காருகிறார். முதுகு மட்டும்தான் தெரிகிறது. கை வால்வு இருக்கும் இடத்தில். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து போகிறார். சத்தம் எதுவும் பதிவாகவில்லை.

"ததேயுஸ்தானா?"

"எனக்க அண்ணன எனக்குத் தெரியாதா?"

"இண்ணு காலையில காத்து எப்படி இருந்து?"

"இண்ணு இருந்து. நான் கதவத் திறக்குத சத்தம் கேட்டு ஓடியிருப்பான்." லிட்வின் போனை மடியில் செருகினார். "அண்ணே, நீங்க எனக்க கூட வரணும். கமிட்டியில வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். டயர்ல குறையில்லண்ணு மூணு தடவ பாத்தாச்சுல்லா? அம்மை செத்துப் போயிருப்பாண்ணே."

அவர் குரல் ஏறவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்துகிற ஆள் கத்தி முடித்ததும் அடங்கிவிடுவான். இவர் ஏதோ முடிவு செய்துவிட்டு வந்தவர் மாதிரிப் பேசினார்.

"மத்தியானம் வரைக்கும் வண்டி இங்க நிக்கட்டும். இன்னொரு தடவ பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுகேன்" என்றேன். அவர் அரை மனதோடு பக்கத்தில் ஸ்டெல்லா அக்காவின் டீக்கடையில் போய் உட்கார்ந்தார்.

நான் வீலைக் கழற்றி வழக்கம் போலத் தொட்டியில் இறக்கினேன். சுற்றினேன். ஒன்றும் இல்லை. கடைக்குப் பின்னால் போய் கம்ப்ரசரைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்றார். கையில் சாயா வடிகட்டி.

"லிட்வின் போயாச்சு கேட்டியளா? ஒரு போன் வந்து. அவுகளுக்க அண்ணன் மத்தியானம் தங்கலுக்குப் போறான்னு ஆரோ சொன்னாவ போல. அப்படியே எழும்பி ஒருத்தனுக்க வண்டிப் பின்னால ஏறிப் போயிட்டாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உங்க லிவரு ஒண்ணு கையில இருந்து."

தங்கல் என்றால் பெரிய போட்டில் ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிப்பது. ததேயுஸ் போட்டில் ஏறிவிட்டால் பிறகு பல நாள் ஆளைப் பிடிக்க முடியாது. அதனால்தான் லிட்வின் ஓடியிருக்கிறார்.

டயர் லிவர் முழங்கை நீளமுள்ள இரும்பு. அதைக்கொண்டு எத்தனையோ முரட்டு டயரைப் பிரித்திருக்கிறேன். ஒரு ஆள் தலையில் பட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

லிட்வினுக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். கட் செய்துவிட்டார்.

பின்னாலேயே ஓடலாம். ஆனால் போய் என்ன சொல்வது? கையில் ஒன்றும் இல்லாமல் நான் அங்கே போய் நின்றால், "மெக்கானிக்கே வந்தாச்சு, கேட்டுப் பாருங்க" என்பார். ஓட்டை கிடைக்கவில்லை என்ற என் பேச்சு அவருக்குச் சாட்சியாகிவிடும். போகாமல் இங்கே நின்றால் அதற்குள் அங்கே என்னவும் நடக்கலாம். தொட்டிப் பக்கத்தில் நின்றேன். கைகள் நனைந்திருந்தன. வீல் தண்ணீரில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தோன்றியது. வண்டி ராத்திரி முழுக்க அவர் வீட்டுப் படிக்கடியில் சைடு ஸ்டாண்டில் நிற்கிறது. பின் வீல் வண்டியின் பாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. என் தொட்டியில் அது எதையும் சுமக்கவில்லை. மிதக்கிறது.

வீலை எடுத்து வண்டியில் மாட்டினேன். அவசரத்தில் நட்டு இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். ஒரு வாளியில் சோப்பைக் கரைத்தேன்.

"அக்கா, கொஞ்சம் வாங்க. வண்டியில ஏறி இருங்க."

"நானா? எதுக்கு?"

"பாரம் வேணும். கேள்வி பிறகு கேளுங்க."

ஸ்டெல்லா அக்கா நல்ல கனமான ஆள். சேலையை ஒதுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு ரிம்மின் உள்பக்கமெல்லாம் தடவினேன். வண்டியைக் கொஞ்சம் முன்னால் உருட்டினேன். பார்த்தேன். இன்னும் கொஞ்சம் உருட்டினேன். ஒன்றும் இல்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. இன்னும் ஒரு கை அகலம் உருட்டினேன்.

ரிம்மிலிருந்து ஆரக்கால் புறப்படும் மூலையில், கறுப்புப் பெயின்டுக்கு நடுவே, வெள்ளையாக நுரை கட்டத் தொடங்கியது. கடுகளவு குமிழிகள். ஒன்று உடைய அடுத்தது வந்தது.

"இறங்குங்கக்கா" என்றேன். அவர் இறங்கியதும் குமிழி நின்றுவிட்டது. "ஏறுங்க." மறுபடியும் வந்தது.

அலாய் ரிம்மில் மயிர்க்கீறல். எந்தக் குழியிலோ அடித்து விட்டிருக்கிறது. ஆள் ஏறினால் வாய் நன்றாகத் திறக்கும், வண்டியின் பாரம் மட்டும் என்றால் கண்ணுக்குத் தெரியாமல் ராத்திரி முழுக்கக் கசியும், தொட்டியில் பாரமே இல்லாததால் மூடிக்கொள்ளும். போனில் அதை வீடியோ எடுத்தேன். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என் வண்டியை எடுத்தேன்.

4. படிக்குக் கீழே

போகும் வழியெல்லாம் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே வந்தது. கீறல் இருக்கிறது, சரி. அப்படியானால் தினமும்தான் காற்று இறங்க வேண்டும். வீல் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரு நாள் இரண்டு நாள் தப்பலாம். ஒரு வாரம், பத்து நாள் எப்படித் தப்பும்? லிட்வின் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. வீடியோவில் வந்த ஆளும் அங்கே சும்மா போய் உட்காரவில்லை. அப்போதுதான் கேள்வியையே திருப்பிப் போட்டுப் பார்த்தேன். காற்று இறங்காத நாட்களில் என்ன நடந்தது?

லிட்வின் வீட்டுச் சந்தில் ஏற்கெனவே ஆட்கள் கூடியிருந்தார்கள். படிக்குக் கீழே லிட்வின் நின்றார், கையில் என் லிவர். எதிரே ததேயுஸ். தோளில் துணிப்பை, போட்டுக்குக் கிளம்பிய கோலம். தம்பியைவிட அகலமான ஆள். இரண்டு பேருக்கும் நடுவே கீழ்ப்படியில் பிரகாசியம்மாள் உட்கார்ந்திருந்தார். டயாலிசிஸ் ஊசி ஏற்றும் இடது கையில் கட்டு. அவர் எழ முயன்று முடியாமல் மறுபடி உட்காருவதைப் பார்த்தேன். அவர் அங்கே இருந்ததால்தான் அதுவரை அடி விழவில்லை என்று நினைக்கிறேன்.

"வந்தியளா, நல்லதாப் போச்சு" என்றார் லிட்வின், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "இவங்கிட்ட சொல்லுங்க. டயர்ல ஓட்டை உண்டா இல்லியா?"

"உண்டு" என்றேன்.

அவர் திரும்பினார்.

போனை அவர் முன்னால் பிடித்தேன். "ரிம்முல கீறல். ஆள் ஏறினாத்தான் தெரியுது. தொட்டியில தெரியல்ல. காத்து தானாத்தான் இறங்கிச்சு."

அவர் குமிழிகளைப் பார்த்தார். முழுசாகப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். லிவர் இன்னும் கையில்தான் இருந்தது.

"அப்போ இவன் நேரம் வெளுக்க முந்தி எனக்க வண்டிப் பக்கத்துல இருந்து என்ன செய்தான்? அதச் சொல்லச் சொல்லுங்க."

ததேயுஸ் வாயைத் திறந்தார். "உனக்கிட்ட சொல்லணும்னு எனக்கு ஒரு தேவையும் இல்ல."

"சொல்லாம நீ போட்டுல ஏற மாட்ட."

"தடுத்துப் பாரு."

லிட்வின் ஒரு அடி முன்னால் வைத்தார். நான் குறுக்கே போனேன். தைரியசாலி என்பதால் போகவில்லை. அது என் லிவர். அவ்வளவுதான் அப்போது மனதில் இருந்தது. ஆனால் இரண்டு பேரையும் பார்த்துப் பேச எனக்கு வரவில்லை. அம்மையைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"அம்மா, உங்களுக்கு ஆஸ்பத்திரியில மெஷின் கிடைக்காமப் போச்சே, அண்ணைக்கு மூத்த மகன் எங்க இருந்தாரு?"

பிரகாசியம்மாள் என்னைப் புரியாமல் பார்த்தார். "அவன் கடல்லல்லா இருந்தான். எனக்கு மூச்சு முட்டின விவரமே அவன் வந்த பிறகுதான் தெரியும்."

"அதுக்கு முந்தி, திருவிழா முடிஞ்ச வாரம் டயரு தினமும் சப்பிக் கிடந்துண்ணு லிட்வின் சொன்னாரு. அப்போ?"

"திருவிழா முடிஞ்ச மறுநாளே தங்கலுக்குப் போயிட்டான்."

"திருவிழா நாளுல?"

"இங்கதான் இருந்தான்."

பின்னால் லிட்வினின் குரல் கேட்டது. யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. "திருவிழாவுக்கு டயரு நல்லா நிண்ணுது."

பிரகாசியம்மாள் மூத்த மகனை ஏறிட்டுப் பார்த்தார்.

"மக்கா, நீ என்னலே செய்த?"

ததேயுஸ் தோளிலிருந்த பையை இறக்கி, உள்ளே கையை விட்டு, கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு காற்றடிக்கும் மெஷினை எடுத்தார். பேட்டரியில் ஓடுவது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டு வருவார்கள். போட்டுக்குப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போக நினைத்து மறந்திருப்பார் போல.

"காலையில கோயிலுக்குப் போவும்போது பாத்தேன். சப்பிக் கிடந்து. அண்ணைக்கு அம்மைக்கு ஆஸ்பத்திரி நாளு. அடிச்சு வச்சேன். பிறகு இங்க இருக்க நாளெல்லாம் பாத்து அடிச்சேன்." தம்பியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "இவங்கிட்ட சொன்னா கேப்பானா? 'எனக்க வண்டிய நீ என்னத்துக்குத் தொட்ட'ண்ணுதான் கேப்பான்."

லிட்வின் படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மைக்குப் பக்கத்தில். லிவரை அவர் கீழே வைத்த சத்தம் மட்டும் கேட்டது. நான் குனிந்து அதை எடுத்துக்கொண்டேன்.

அப்படியே கிளம்பியிருக்கலாம். ஆனால் தொழில்காரன் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. ததேயுஸிடம் போனைக் காட்டினேன்.

"நீங்க அடிச்சது தப்பில்ல. ஆனா நீங்க நிரப்பி நிரப்பி வச்சதுல, வண்டிக்குக் கேடு இருக்குண்ணு இங்க ஆருக்கும் தெரியாமப் போச்சு. இந்தக் கீறலோட அம்மையப் பின்னால வச்சுக்கிட்டு இவ்வளவு நாளும் ஓடியிருக்கு. ஒரு பெரிய குழியில விழுந்திருந்தா ரிம்மு பிளந்திருக்கும்."

ததேயுஸின் முகத்தில் ரத்தம் இல்லை. தம்பி கையில் இரும்போடு நின்றபோது அசையாத ஆள். அந்த மெஷினைக் கையில் வைத்து வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று அவர் போட்டில் போகவில்லை.

5. பிறகு

அந்த அலாய் வீலை ஒட்டித் தரச் சொல்லிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். வெல்டிங் வைத்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. பின்னால் ஆள் உட்காரும் வண்டிக்குச் செய்யவே கூடாது. லிட்வின் அதைக் கேட்கவும் இல்லை. நாகர்கோவிலில் சொல்லி வைத்துப் புது வீல் வர இரண்டு நாள் ஆயிற்று. இடையில் வந்த ஆஸ்பத்திரி நாளில் அம்மையை ஆட்டோவில்தான் கொண்டு போனார்கள். வழியெல்லாம் வாந்தி. பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டு ததேயுஸும் கூடப் போனதாக ஸ்டெல்லா அக்கா சொன்னார். இனயத்துச் செய்தி அவர் கடைக்கு வராமல் எங்கும் போகாது.

அதன் பிறகு நான் வேலை முறையை மாற்றிக்கொண்டேன். காற்று பைய இறங்கும் வண்டி வந்தால் தொட்டியை மட்டும் நம்புவதில்லை. வீலை வண்டியில் மாட்டி, ஆளை ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்க்கிறேன். கஸ்டமரிடம் என்றைக்குக் காற்று இறங்கியது என்று கேட்பதோடு, என்றைக்கு இறங்கவில்லை என்றும் கேட்கிறேன். முன்பெல்லாம் இரண்டாவது கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பழுதான நாளைப் பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். நன்றாக ஓடிய நாளை யாரும் கவனிப்பதில்லை. அந்த நாளுக்கும் ஒரு காரணம் இருக்கும். எனக்குத் தெரியாத ஒன்றை மற்றவர்கள் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளாதபடி, 'எனக்குக் கிடைக்கல்ல, அதனால ஓட்டை இல்லண்ணு அர்த்தமில்ல' என்று இப்போது இரண்டு தடவை அழுத்திச் சொல்லியும் அனுப்புகிறேன்.

புது வீல் மாட்டிய அன்று அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வந்தார்கள். சேர்ந்து வந்தார்களே தவிர, நேருக்கு நேர் பேச்சு இல்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"அந்தப் பழைய ரிம்ம என்ன செய்யப் போறான்னு கேளுங்க" என்பார் ததேயுஸ்.

"ஆக்கர் கடையில எடைக்குப் போடப் போறேன்னு சொல்லுங்க" என்பார் லிட்வின்.

இரண்டு பேரும் ஒரு கை தூரத்தில் நிற்கிறார்கள். நான் நடுவில் குனிந்து நட்டை முறுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் தலையை ஆட்டினேன். மாடிப்படி விவகாரம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. படி அப்படியேதான் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

வேலை முடிந்து லிட்வின் வண்டியை ஸ்டார்ட் செய்தார். ததேயுஸ் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். அந்த நேரத்துக்கு பஸ் வராது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

லிட்வின் பிடித்த கிளட்ச்சை விடவில்லை. வண்டி உறுமிக்கொண்டிருந்தது. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஏறுண்ணே."

ததேயுஸ் திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.